எண்ணிப் பங்கிட்ட அமைதி

பிரென்னர் – ஸ்டெர்ட்ஸிங்

இன்ஸ்புருக்கிலிருந்து தெற்கே ஏறும் ரயில் பிரென்னர் கணவாயில் மூச்சு வாங்குகிறது. ஆஸ்திரியா முடிந்து இத்தாலி தொடங்கும் இடம். எல்லையைத் தாண்டினால் மொழி மாறிவிடும் என்ற எதிர்பார்ப்பு இங்கே பலிப்பதில்லை. அதே மலை, மரவீட்டுச் சன்னல்களில் அதே சிவப்புப் பூக்கள், நடைமேடையில் நின்று கதைத்துக்கொண்டிருந்த கிழவர்களின் வாயிலும் அதே ஜெர்மன். பெயர்ப்பலகைதான் மாறியிருந்தது. இனி வரும் ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு பெயர்.

ஜெர்மன்காரர்கள் தென் டிரோல் என்கிறார்கள், இத்தாலியர்கள் ஆல்டோ அடிஜே என்கிறார்கள். முதலாம் உலகப் போரில் வென்ற பக்கம் நின்றதற்காக 1919இல் இத்தாலிக்குக் கிடைத்த நிலம் இது. அங்கிருந்த மக்களை யாரும் கேட்கவில்லை. 1910 கணக்கெடுப்பில் இந்தப் பகுதியில் இத்தாலி மொழி பேசியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான்.

என்னோடு வந்தவன் சின்னம்மாவின் மகன். பலேர்மோவில் வளர்ந்தவன், தமிழைவிட இத்தாலியன் அவனுக்குச் சரளம். ஸ்டெர்ட்ஸிங்கில் இறங்கி ஒரு பேக்கரிக்குள் நுழைந்தோம். இத்தாலியப் பலகையில் அந்த ஊர் விபிதேனோ. கல்லாவில் இருந்த அம்மா அவனோடு இத்தாலியனிலும், எனக்குப் பின்னால் நின்ற விவசாயியோடு தொண்டையிலிருந்து வரும் மலைநாட்டு ஜெர்மனிலும், என்னோடு ஆங்கிலத்திலும் பேசினார். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. எந்த ஆளிடம் எந்த மொழி என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். வந்தவர் முதலில் என்ன சொல்கிறாரோ அதுதான் என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, "நீங்கள் இத்தாலியர்கள் எல்லாரும் காப்பியை நின்றுகொண்டே குடித்துவிட்டு ஓடுகிறீர்கள்" என்று சிரித்தார்.

வெளியே வந்ததும் அவன் வாயெல்லாம் பல். "இருபது வருசமா பலேர்மோவில இருக்கிறன் அண்ணை. இஞ்சதான் முதல்முதலா என்னை ஒருத்தர் இத்தாலியன் எண்டு சொன்னவா!"

சீரகம் மணக்கும் தட்டையான ரைப் பாணை உடைத்து உடைத்து மென்றுகொண்டு ரயிலேறினோம். பல் உறுதியாக இருந்தால்தான் இந்த ஊரில் காலை உணவு சாப்பிடலாம்.

பொல்சானோ

நகரத்தை டால்வேரா ஆறு இரண்டாக வெட்டுகிறது. கிழக்குக் கரையில் பழைய நகரம். வளைவுத் தூண்களின் கீழ் கடைத்தெரு, பழச்சந்தை, புகையிட்ட பன்றி இறைச்சியின் வாசனை. பாலத்தைத் தாண்டினால் அகன்ற வீதிகள், உயர்ந்த தூண்கள், முசோலினி காலத்துக் கட்டடங்கள். மாகாணம் முழுவதும் ஜெர்மன் பேசுவோர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். இந்தத் தலைநகரில் மட்டும் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் இத்தாலியர். பழச்சந்தையில் பச்சைப் பூண்டுத் தழை வெட்டிப் போட்ட பாண் உருண்டைகளைச் சூப்பில் மிதக்கவிட்டுத் தந்தார்கள். உணவுப் பட்டியலில் அதற்கும் இரண்டு பெயர். உருண்டை ஒன்றுதான், ருசியும் ஒன்றுதான்.

பாலம் இறங்கியதும் எதிரே நிற்பது வெற்றிச் சின்னம். மார்செல்லோ பியாசென்டினி வடிவமைத்தது, 1928இல் திறந்தது. வெள்ளைப் பளிங்கு வாயில். அதன் நெற்றியில், மற்றவர்களுக்கு மொழியையும் சட்டத்தையும் கலைகளையும் இங்கிருந்துதான் கற்றுக்கொடுத்தோம் என்று பொருள்படும் லத்தீன் வாசகம். அந்த 'மற்றவர்கள்' யாரென்று இங்கே எவருக்கும் சொல்லத் தேவையில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1923இல்தான், பள்ளிக்கூடங்களிலிருந்து ஜெர்மன் மொழியை விரட்டத் தொடங்கியிருந்தார்கள். ஊர்ப்பெயர்கள் இத்தாலியமாயின. பண்ணை வீடுகளின் சமையலறைகளில் திரைகளை இழுத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ஒளித்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிக் கற்பித்துச் சிறைக்குப் போன இளம் ஆசிரியை அங்கெலா நிகொலெட்டி காசநோய் கண்டு 1930இல் இறந்தார்.

இப்படியொரு சின்னத்தை என்ன செய்வது? இடி என்றார்கள் ஒரு பக்கத்தார். தொடாதே என்றார்கள் மறு பக்கத்தார். குண்டு வைக்கவும் பார்த்தார்கள், வேலி போட்டும் பார்த்தார்கள். சதுக்கத்துக்கு 'அமைதி' என்று நகரசபை பெயர் மாற்ற, 2002இல் நடந்த வாக்கெடுப்பில் இத்தாலியப் பெரும்பான்மை 'வெற்றி'யையே திரும்பக் கொண்டுவந்தது. பிறகு வந்தவர்கள் கெட்டிக்காரர்கள். சின்னத்தை இடிக்கவுமில்லை, துலக்கி மினுக்கவுமில்லை. அதன் அடித்தளத்தில் 2014இல் ஒரு காட்சிக்கூடம் திறந்து, பாசிசம் இங்கே செய்ததையும் பிறகு நாஜிகள் செய்ததையும் இரு தரப்பு வரலாற்றாளர்களையும் உட்காரவைத்து எழுதிவிட்டார்கள். மேலே ஒரு தூணைச் சுற்றி ஒளியெழுத்து வளையம் ஒன்று ஓடுகிறது. மோதிரம் போட்டதுபோல் இருக்கிறது; பளிங்கின் மிடுக்கு அதிலேயே பாதி இறங்கிவிடுகிறது.

கொஞ்ச தூரத்தில் வரி அலுவலகக் கட்டடம். குதிரைமேல் முசோலினி, நம்பு, கீழ்ப்படி, போரிடு என்ற கட்டளையோடு நீளமான புடைப்புச் சிற்பம். 2017இல் அதன் குறுக்கே ஹன்னா ஆரெண்டின் சொற்களை மூன்று மொழிகளில் விளக்கெழுத்தாகப் பொருத்தினார்கள். கீழ்ப்படிவதை எவரும் தம் உரிமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். சிலையை உடைக்காமல் அதற்குப் பதில் சொல்லலாம் என்பதை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்த இடம் இது.

அந்தப் பக்கத்துப் பூங்காவில் ஓர் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளியோடு தம்பி பேச்சுக் கொடுத்தான். எண்பதை நெருங்கும் இத்தாலியர். 1930களில் இங்கே பெரிய ஆலைகளைக் கட்டி, தெற்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அரசு ஆதரவுக் குடியேற்றம் என்றால் இலங்கைத் தமிழர்களான எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கேட்டதுமே எனக்கு உள்ளுக்குள் ஒரு கடுப்பு. ஆனால் அவர் சொன்னது: "என் அப்பா வெனெட்டோவில் கூலிக்காரர். சோறு கிடைக்கும் என்று சொன்னார்கள், வந்தார். யாருடைய மண்ணையும் பிடிக்க வரவில்லை. நான் இங்கேயே பிறந்தேன். இனி எங்கே போக?" கந்தளாயிலும் வெலிஓயாவிலும் இதையே சிங்களத்தில் சொல்லக்கூடிய கிழவர்கள் இருப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து கதைக்க எனக்கு வாய்த்ததில்லை.

அவருடைய பெரிய குறை வேறு. பேத்தி முதலாம் வகுப்பிலிருந்து ஜெர்மன் படிக்கிறாள், நல்ல புள்ளி வாங்குகிறாள், ஆனால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பேசுவது அவளுக்கு விளங்கவில்லை. பள்ளியில் சொல்லித்தருவது புத்தக ஜெர்மன்; தெருவில் இருப்பது டிரோல் வட்டார மொழி. பாடநூல் செந்தமிழை மட்டும் படித்த ஒரு பிள்ளையை நெல்லியடிச் சந்தையில் கொண்டுபோய் விட்டால் என்ன பாடுபடுமோ, அந்தப் பாடு.

"முப்பது வருடமாகப் பக்கத்து வீட்டில் ஜெர்மன் குடும்பம். பார்த்தால் வணக்கம் சொல்லுவோம். சண்டை என்று ஒரு நாளும் வந்ததில்லை. அவர்கள் வீட்டில் நாங்கள் சாப்பிட்டதும் இல்லை, எங்கள் வீட்டில் அவர்கள் சாப்பிட்டதும் இல்லை" என்றார் அவர்.

பள்ளிக்கூடங்கள் தனித்தனி. நாளிதழ்கள் தனித்தனி. மலையேறும் சங்கம்கூட இரண்டு; ஒரே மலைதான்.

இதையா அமைதி என்கிறார்கள் என்று அன்றிரவு தம்பி அலுத்துக்கொண்டான். எனக்கு அப்படிச் சட்டென்று தள்ளிவிட முடியவில்லை. கொழும்பில் எங்கள் மாமா வீட்டுக்கும் பக்கத்துச் சிங்களவர் வீட்டுக்கும் இடையே புதுவருடப் பலகாரமும் பொங்கலும் வேலிக்கு மேலால் போய்வந்தன. 1983 ஜூலையில் தமிழர்களைத் தாக்கியபோது அந்த அயலவர்தான் மாமா குடும்பத்தை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். அந்த நன்றி எங்களுக்குச் செத்தாலும் போகாது. ஆனால் தெருவில் வந்தவர்களைப் பொலிஸ் தடுக்கவில்லை, அரசு தடுக்கவில்லை. உறவு இருந்தது, காப்பு இருக்கவில்லை. இங்கே உறவு மெலிந்திருக்கிறது, காப்பு இருக்கிறது. இரண்டில் எது முதலில் வேண்டும் என்று என்னைக் கேட்டால், நான் யோசிக்கவே மாட்டேன்.

சிக்மண்ட்ஸ்குரோன் – மெரான்

மெரான் போகும் வழியில் பாறைமேல் ஒரு கோட்டை. இன்று மலையேற்ற வீரர் ரைன்ஹோல்ட் மெஸ்னரின் அருங்காட்சியகம் அதற்குள் இருக்கிறது. 1957 நவம்பர் 17 அன்று அது இடிபாடு. அங்கே முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜெர்மன்காரர்கள் கோபத்தோடு கூடினார்கள். ஆஸ்திரிய, இத்தாலிய வெளியுறவு அமைச்சர்கள் குரூபரும் தெ காஸ்பெரியும் 1946இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தன்னாட்சி தருவதாகச் சொன்னது. ரோம் அதைப் பக்கத்து திரெந்தினோவோடு சேர்த்துக் கொடுத்து, ஜெர்மன்காரர்களை அந்தக் கூட்டிலும் சிறுபான்மையாக்கிவிட்டது. போரில் ஒரு காலை இழந்திருந்த சில்வியஸ் மக்னாகோ என்ற தலைவர் ஊன்றுகோலோடு மேடையேறி, திரெந்தினோவிலிருந்து எங்களைப் பிரித்துவிடு என்று முழங்கினார். கலவரம் வராது என்று அதிகாரிகளிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தார். கூட்டம் அமைதியாகக் கலைந்தது.

அதே 1957 ஜூலையில்தான் எங்கள் தீவில் அதிகாரப் பகிர்வுக்கான பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஏப்ரலில் அது கிழிந்தது. கோட்டை மதிலில் சாய்ந்துகொண்டு இந்த இரண்டு தேதிகளையும் தம்பிக்குச் சொன்னேன். அவனுக்குச் செல்வநாயகத்தின் பெயர் மட்டும் தெரிந்திருந்தது.

இங்கேயும் எல்லாம் பூவும் பாலுமாக நடந்துவிடவில்லை. 1961 ஜூன் 11 இரவில் 37 மின்கம்பங்களைத் தகர்த்தார்கள். பிடிபட்டவர்கள் சித்திரவதைப்பட்டார்கள். அடுத்த ஆண்டுகளில் உயிர்கள் போயின. ஆனால் ஆஸ்திரியா இந்த விவகாரத்தை ஐ.நா.வுக்கு எடுத்துச் சென்றிருந்தது. ரோமும் குண்டுக்குப் பதிலாகப் படையை மட்டும் அனுப்பாமல் 19 பேர் கொண்ட குழு ஒன்றையும் அமைத்தது. அதில் 11 பேர் இத்தாலியர், 7 பேர் ஜெர்மன்காரர், ஒருவர் லடின் என்ற மூன்றாவது மொழிக்குழுவைச் சேர்ந்தவர். ஏறக்குறைய மூன்று வருடம் உட்கார்ந்து பேசினார்கள்.

மெரான் அழகான ஊர். பனைமரம் ஒரு பக்கம், பனிமலை மறு பக்கம். இரண்டையும் ஒரே சட்டகத்தில் பார்க்கக் கண்ணுக்கு விசித்திரம். ஆற்றோரக் குர்ஹவுஸ் மண்டபத்தில் 1969 நவம்பரில் மக்னாகோவின் கட்சி விடியும்வரை விவாதித்து, ரோம் தந்த தீர்வுப் பொதியை மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஏற்றுக்கொண்டது. ஏறக்குறையப் பாதிப் பேர் அதைத் துரோகம் என்றே நினைத்தார்கள். 1972 ஜனவரியில் புதிய தன்னாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எங்கள் தீவில் சிங்களத்தையும் பௌத்தத்தையும் உச்சியில் வைத்த குடியரசு அரசியலமைப்பு வந்தது அதே ஆண்டு மே மாதம்.

தென் டிரோலின் தன்னாட்சிச் சட்டத்தின் குடல் முழுக்கக் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் ஜெர்மன் 69.4, இத்தாலியன் 26.1, லடின் 4.5 விழுக்காடாக இருந்தன. அரசு வேலைகள் கடைசிக் கணக்கெடுப்பின் விகிதத்தில் பங்காகும். நான் எந்த மொழிக் குழு என்று ஒவ்வொருவரும் எழுதி, உறையில் ஒட்டி, நீதிமன்றத்தில் கொடுத்துவைக்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது வெளியே வரும். வேலையில் சேர இரு மொழியிலும் தேர்வு எழுதியாக வேண்டும். தேறினால் சம்பளத்தில் தனிப்படி. மாகாண சபையின் தலைவர் ஐந்தாண்டின் முதல் பாதி ஜெர்மன்காரர் என்றால் பின் பாதி இத்தாலியர். ஒரு சட்டம் தங்கள் குழுவைப் பாதிக்கிறது என்று ஒரு மொழிக்குழு உறுப்பினர்கள் கருதினால், குழுவாரியாக வாக்கெடுக்கக் கேட்கலாம்; தோற்றால் அரசியலமைப்பு நீதிமன்றம்வரை போகலாம்.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரி ஜெர்மன்காரர், கணவர் இத்தாலியர். இப்படியான கலப்பு வீடுகளில் பிள்ளைகளை எந்த உறையில் போடுவது? மூத்தவளை ஜெர்மன் என்றும் இளையவனை இத்தாலியன் என்றும் எழுதினார்களாம். "வேலைக்கு எது வசதியோ அது" என்று தோளைக் குலுக்கினார். பிறகு குரல் தணித்து, "என் அம்மா உயிரோடு இருந்த வரைக்கும் மகனின் உறையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை" என்றார்.

அம்மா 1939ஐப் பார்த்தவர். ஹிட்லரும் முசோலினியும் கூடிப் பேசி, இந்த மக்களை ஜெர்மனிக்குப் போ அல்லது இத்தாலியராகிவிடு என்று தெரிவு செய்யச் சொன்ன வருடம் அது. பெரும்பாலோர் போகிறோம் என்றார்கள். ஏறக்குறைய 75,000 பேர் உண்மையிலேயே போனார்கள். போகத் துணிந்தவர்களும் இருக்க நினைத்தவர்களும் ஒரே குடும்பத்துக்குள் முகம் பாராமல் போனார்கள். இங்கே பெரிய பிளவு இரண்டு மொழிகளுக்கு இடையே என்று வெளியார் நினைக்கிறோம். ஜெர்மன் வீடுகளுக்குள்ளேயே ஒரு பிளவு இருந்து, அதைப் பற்றிப் பல பத்தாண்டுகள் யாரும் வாய்திறக்கவில்லை.

இந்த உறை முறையை எதிர்த்தவர் ஒருவர் உண்டு. நாங்கள் ரைப் பாண் தின்ற ஸ்டெர்ட்ஸிங்கில் 1946இல் பிறந்த அலெக்சாண்டர் லாங்கர். 1981இல் எந்தக் குழுவிலும் பதிய மாட்டேன் என்றார். ஆசிரியர் வேலைக்கு அது தடையாகியது. ஐரோப்பிய நாடாளுமன்றம்வரை போனவர், 1995இல் பொல்சானோ மேயர் தேர்தலில் நிற்க முடியவில்லை. காரணம், உறை இல்லை. அதே ஆண்டு ஜூலையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். சேர்ந்து வாழ்வதற்கு எல்லைகளைத் தாண்டிப் போகும் ஆட்கள் ஒவ்வொரு பக்கத்திலும் வேண்டும், ஆனால் அவர்கள் சொந்தப் பக்கத்தைக் கைவிட்டு ஓடுகிறவர்களாக இருக்கக்கூடாது என்பது அவருடைய வாதம். அவர் சொன்னது சரி. மக்னாகோ செய்ததும் சரி. முன்னவருடைய பேச்சுக்கு இடம் கிடைத்ததே பின்னவர் போட்ட கணக்கால்தான் என்பது என் எண்ணம்; லாங்கரை வாசித்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

படியா பள்ளத்தாக்கு

டோலோமைட் பாறைகள் மாலையில் செம்மஞ்சளாகும். அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் விட்டுவிடுகிறேன்.

இங்கே வாழ்பவர்கள் லடின்கள். ரோமானியக் காலத்து லத்தீனிலிருந்து வந்த அவர்களுடைய மொழி இந்தப் பள்ளத்தாக்கில் ஜெர்மனுக்கும் இத்தாலியனுக்கும் முந்திய சொத்து. மாகாணத்தில் இருபதாயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். பலகைகளில் மூன்று பெயர். ஒரு பண்ணை வீட்டில் கீரையும் தயிர்க்கட்டியும் அடைத்துப் பொரித்த டுர்த்ரெஸும் பார்லிச் சூப்பும் தந்தார்கள். எங்கள் ஊர் ரோல்ஸுக்குப் பழகிய நாக்கு, டுர்த்ரெஸை முதல் கடியிலேயே உறவு கொண்டாடிவிட்டது.

சமைத்துத் தந்த பாட்டியின் பேரன் பத்து வயதுக்காரன். அவன் பள்ளியில் பாதிப் பாடம் இத்தாலியன், பாதிப் பாடம் ஜெர்மன். லடினும் ஒரு பாடம். எங்களோடு இத்தாலியனில் கதைத்துக்கொண்டே வாசலில் வந்த தபால்காரருக்கு ஜெர்மனில் பதில் சொன்னான். அதை அவன் பெரிய வித்தையாக நினைத்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பள்ளிமுறையை மற்ற இரு குழுக்களும் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? இத்தாலியப் பெற்றோர் பலர் கேட்கிறார்கள். தங்கள் பிள்ளைகளை ஜெர்மன் பாலர் பள்ளிகளில் சேர்க்கவும் செய்கிறார்கள். ஜெர்மன் கட்சிதான் தயங்குகிறது. தாய்மொழிப் பள்ளி சட்டத்தின் 19ஆம் பிரிவு. அதைத் தளர்த்தினால் 1923 திரும்பி வரும் என்ற பயம். பயத்துக்கு வயது நூறு, ஆனாலும் சாகவில்லை. அதற்குள் புதிதாக வந்த குடியேறிகளின் பிள்ளைகளும் வகுப்பறைகளில் நிறைகிறார்கள். 2024இல் பொல்சானோவின் ஒரு ஜெர்மன் பள்ளி, ஜெர்மன் தெரியாத பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு வைக்கப் போய்ப் பெரிய சர்ச்சையாகி, அது கைவிடப்பட்டது. அல்பேனியனும் உருதுவும் பேசும் பிள்ளைகளுக்கு மூன்று உறைகளில் ஒன்றும் பொருந்தவில்லை. 1972இல் கணக்குப் போட்டவர்கள் அவர்களை எண்ணவில்லை. இதுதான் இந்த அமைதியின் பலவீனமான இடம், இதைச் சரிசெய்யும் வேலை இன்னும் தொடங்கவேயில்லை என்பேன்.

பாட்டி வேறொன்றும் சொன்னார். மலைக்கு அந்தப் பக்கம் பெல்லுனோ மாகாணத்திலும் லடின்கள் உண்டு. 2007இல் கோர்த்தினா தம்பெத்சோ உட்பட அங்குள்ள மூன்று ஊர்கள், எங்களைத் தென் டிரோலோடு சேர்த்துவிடுங்கள் என்று வாக்களித்தன. இன்னும் சேர்க்கவில்லை.

சலூர்ன்

தெற்குக் கோடியில் பள்ளத்தாக்கு குறுகி, இரு பக்கமும் பாறை நெருங்கி வருகிறது. ஒரு பாறையின் உச்சியில் ஹாடர்பர்க் கோட்டை. ஜெர்மன் மொழி பேசும் நிலம் தெற்கே முடியும் இடம் இது என்று எப்போதும் சொல்வார்கள். ஊருக்குள் போனால் இத்தாலியர்களே அதிகம். இதைத் தாண்டியதும் பலகைகளில் ஒற்றைப் பெயர்.

1961 ஜூன் 12 காலை, வெடிக்காமல் கிடந்த ஒரு குண்டை இங்கே சாலைப் பணியாளர் ஒருவர் கண்டார். அதை எடுக்கப்போன அவர் உடல் சிதறி இறந்தார். உயிர் எடுக்க மாட்டோம், கம்பங்களை மட்டும் தகர்ப்போம் என்று கிளம்பியவர்களின் அந்த இரவே ஓர் உழைப்பாளியின் உயிரைத் தின்றது.

திராட்சைத் தோட்ட ஓரமாக நடந்தோம். வாய்க்கால், ஒழுங்கான வீதி, கிராமத்துக்குக் கிராமம் நூலகம். "இவ்வளவு காசு எங்கயிருந்து அண்ணை?" என்று தம்பி கேட்டான். பலேர்மோக்காரன், கேட்காமல் இருப்பானா? இங்கே வசூலாகும் வரியில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு மாகாணத்துக்கே திரும்பிவிடுகிறது. பள்ளியும் ஆஸ்பத்திரியும் வீதியும் அதில் நடக்கின்றன. அந்தப் பாகத்தைக் கேட்டதும் அவன் ஒரு விசில் அடித்தான்.

1972 சட்டத்தை இரண்டு வருடத்தில் முழுதாக நடைமுறைப்படுத்துவதாகச் சொன்னார்கள். இருபது வருடம் எடுத்தது. விவகாரம் தீர்ந்தது என்று ஆஸ்திரியா ஐ.நா.வுக்கு அறிவித்தது 1992 ஜூனில். நடுவே ரோமில் எத்தனையோ அரசுகள் கவிழ்ந்தன, வந்தவர்கள் எவரும் ஒப்பந்தத்தைக் கிழிக்கவில்லை. எங்கள் ஊரில் அதிகாரப் பகிர்வு பற்றி எழுதவும் பேசவும் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெயர்ப்பலகைகளோடு நின்றுவிடாதீர்கள், இந்தச் சட்டத்தின் நிதிப் பிரிவுகளையும் தமிழில் கொண்டுவந்து எல்லாரும் படிக்கும்படி செய்யுங்கள்.